குறைந்த விலையில் சிறிய கைத்துப்பாக்கி: மறைத்து எடுத்துச் செல்ல விரும்பும் அமெரிக்கத் தமிழர்களின் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்களில் சிலர், தற்காப்புக்கு ஒரு சிறிய கைத்துப்பாக்கி வாங்கி, சட்டப்படி ஆடைக்குள் மறைத்து எடுத்துச் செல்லலாமா என்று கேட்கிறார்கள். "எந்த மாடல் மலிவு?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியவை வேறு. அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கலாமா?

வாங்கக்கூடாது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. "வைத்திருப்பது" என்றால் விலைக்கு வாங்குவது மட்டுமல்ல. கையில் இருப்பதும் அதில் அடங்கும். ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் இருந்தால் விதிவிலக்கு உண்டு. அந்தச் சந்து வழியாகப் பலர் வாங்கவும் செய்கிறார்கள். என் கருத்து: கிரீன் கார்டுக்குக் காத்திருக்கும் ஒருவர் இந்த விஷப்பரீட்சையில் இறங்க வேண்டாம். துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால், அதுவே நாட்டைவிட்டு வெளியேற்றப்படக் காரணமாகிவிடும். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் அந்த ஆபத்து உண்டு. கிரீன் கார்டுக்கான ஐ-485 விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

கிரீன் கார்டு கையில் இருந்தால் வாங்கலாம். கடையில் ஃபார்ம் 4473 என்ற கூட்டாட்சிப் படிவத்தை நிரப்பும்போது உங்கள் அட்டையில் உள்ள எண்ணைக் குறிப்பிட வேண்டும். தற்போதைய முகவரியுடன் கூடிய அரசு அடையாள அட்டையும் வேண்டும். 1998 முதல் நடைமுறையில் இருக்கும் பின்னணிச் சோதனை அங்கேயே நடக்கும். சில நேரம் உடனே முடிவு வராது. அதற்காகப் பதற வேண்டியதில்லை. கடைக்காரரிடமிருந்து கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிறைந்திருக்க வேண்டும்.

அந்தப் படிவத்தில் கஞ்சா பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் மாநிலம் கஞ்சாவை அனுமதித்திருந்தாலும் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று படிவமே எச்சரிக்கிறது. உண்மையைத்தான் எழுத வேண்டும். பொய் எழுதுவது தனிக் குற்றம்.

எனக்கு கிரீன் கார்டு வந்துவிட்டது. மனைவி இன்னும் விசாவில்தான் இருக்கிறார். ஊரிலிருந்து அப்பா அம்மாவும் வந்திருக்கிறார்கள். ஏதாவது சிக்கல் வருமா?

வரலாம். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. தடைசெய்யப்பட்ட ஒருவர் வசிக்கும் வீட்டில், துப்பாக்கி அவர் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். பெட்டகத்தின் எண்ணும் சாவியும் உங்களிடம் மட்டுமே இருக்கட்டும். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பாவைச் சுடுதளத்துக்கு அழைத்துப்போய், அவர் கையில் பிஸ்டலைக் கொடுத்துப் படம் எடுத்து, குடும்பக் குழுவில் போடும் வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. அவரும் தற்காலிக விசாவில் வந்தவர்தான், அவருக்கும் அந்தத் தடை உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

டெக்சாசில் லைசன்ஸே தேவையில்லை என்கிறார்கள். பிறகு எதற்கு விண்ணப்பிக்க வேண்டும்?

டெக்சாசில் 2021 செப்டம்பர் முதலும் ஃபுளோரிடாவில் 2023 ஜூலை முதலும், தகுதியுள்ளவர்கள் உரிமம் இல்லாமலேயே மறைத்து எடுத்துச் செல்லலாம். இன்று பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இதுதான் நிலை. நியூயார்க், நியூ ஜெர்சி, கலிஃபோர்னியா போன்றவை உரிமம் கட்டாயம் என்கின்றன. 2022 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூயென் வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, "சிறப்புக் காரணம் காட்டு" என்று அந்த மாநிலங்கள் கேட்க முடியாது. ஆனால் பயிற்சியையும் பின்னணி விசாரணையையும் கேட்கலாம், கேட்கின்றன. நியூயார்க்கில் மட்டும் 18 மணி நேரப் பயிற்சி முடித்தாக வேண்டும்.

உரிமம் தேவையில்லாத மாநிலத்தில் இருந்தாலும் அந்த உரிமத்தை வாங்கிவிடுங்கள். பள்ளி வளாகத்திலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கியுடன் இருப்பதைத் தடைசெய்யும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. அந்த மாநிலம் வழங்கிய உரிமம் உள்ளவருக்கு அதில் விலக்கு உண்டு, இல்லாதவருக்கு இல்லை. நகர்ப்புறத்தில் காரில் போனால் எத்தனை பள்ளிகளைக் கடக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். வேறு மாநிலம் போகும்போதும் உரிமம் உதவும். ஆனால் உங்கள் உரிமத்தை எந்தெந்த மாநிலங்கள் ஏற்கின்றன என்பதைப் புறப்படும் முன் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

மொத்தத்தில் எவ்வளவு செலவாகும்?

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் முதலில் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். "300 டாலர் துப்பாக்கி" என்று ஒன்று கிடையாது. அதோடு துப்பாக்கிக்கென்றே வார்த்த தரமான ஹோல்ஸ்டர் (இடுப்பில் அணியும் உறை), சுமார் 50 முதல் 80 டாலர். விறைப்பான பெல்ட், 40 டாலருக்கு மேல். விரைவாகத் திறக்கும் சிறிய பெட்டகம், 60 முதல் 150 வரை. பயிற்சிக்கான 9 மி.மீ. தோட்டா ஒன்று சுமார் கால் டாலர் என்றால், முதல் 500 தோட்டாக்களுக்கு 125. தற்காப்புக்கான தோட்டா ஒன்று ஒரு டாலரை ஒட்டி வரும். அதிலும் ஓரிரு பெட்டி வேண்டும். பிறகு வகுப்புக் கட்டணம், சுடுதளக் கட்டணம், விற்பனை வரி. ஆக, 300 டாலர் துப்பாக்கி உங்களுக்கு 700 டாலரைத் தாண்டும்.

கையில் 600 டாலர்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை முழுக்க ஒரு பிஸ்டலில் போட்டுவிட்டு, 15 டாலர் துணி உறையில் செருகி, ஒரு பெட்டி தோட்டாவோடு நிறுத்திக்கொள்பவரைவிட, 280 டாலர் பிஸ்டல் வாங்கி மீதியைப் பயிற்சிக்கும் ஹோல்ஸ்டருக்கும் செலவிடுபவர் எல்லா வகையிலும் பாதுகாப்பானவர். பயிற்சிக்குப் பணம் இல்லையென்றால் சில மாதங்கள் பொறுத்திருந்து வாங்குங்கள்.

மறைக்க வேண்டும் என்றால் இருப்பதிலேயே சிறியதுதானே நல்லது?

இல்லை. புதிதாக வருபவர்கள் சறுக்கும் இடம் இது. ரூகர் எல்சிபி போன்ற பாக்கெட் பிஸ்டல் 10 அவுன்சுக்கும் குறைவு. சட்டைப்பையில் போட்டால்கூடத் தெரியாது. ஆனால் எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கையை அதிகம் தாக்கும். பிடி சிறுத்துப்போவதால் சுண்டு விரலுக்கு இடம் இருக்காது. குழல் குட்டையாவதால் குறிபார்க்கும் கண்ணிகளுக்கு இடையே தூரம் குறைந்து, சிறு பிசகும் இலக்கில் பெரிதாகத் தெரியும். சுடுவது வலித்தால் பயிற்சிக்குப் போக மாட்டோம். பயிற்சி இல்லாதவர் கையில் அது யாருக்கும் பாதுகாப்பில்லை.

மறுபக்கம், கிளாக் 19 போன்ற "காம்பாக்ட்" வகை: 4 அங்குலக் குழல், 15 தோட்டா கொள்ளும் மேகசின் (பிடிக்குள் செருகும் தோட்டா அடுக்கு). சுடுவதற்கு அருமை. ஒல்லியான உடம்பில், மெல்லிய சட்டைக்குள், ஹூஸ்டன் வெயிலில் மறைப்பதுதான் கடினம்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும்: சுமார் 3 முதல் 3.5 அங்குலக் குழல், ஓர் அங்குலத்தை ஒட்டிய தடிமன், 10 முதல் 13 தோட்டா. 2018-இல் சிக் சாவர் பி365-ஐ வெளியிட்டு, இவ்வளவு சின்ன உடலில் 10 தோட்டா கொள்ளும் என்று காட்டியது. மற்ற நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. ஸ்பிரிங்ஃபீல்டு ஹெல்கேட் 2019-இலும், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஷீல்டு பிளஸ், ரூகர் மேக்ஸ்-9, டாரஸ் ஜிஎக்ஸ்4 ஆகியவை 2021-இலும் வந்தன. அந்தப் போட்டியின் பலன் இன்று குறைந்த பட்ஜெட்காரருக்கும் கிடைக்கிறது: பழைய தலைமுறை மாடல்களின் விலை இறங்கிவிட்டது.

ஒன்றை மறக்க வேண்டாம். மறைப்பதில் துப்பாக்கியின் குழல் நீளம் பெரிய தொல்லை தராது. அது இடுப்புக்குக் கீழே இறங்கிவிடும். சட்டையைத் துருத்துவது பிடியின் நீளம்தான். கடையில் அளவு பார்க்கும்போது அதைப் பாருங்கள்.

9 மி.மீ. வாங்குவதா, .380 வாங்குவதா?

இரண்டும் தோட்டாவின் அளவுகள். என் பதில்: 9 மி.மீ. வாங்குங்கள். அமெரிக்கக் காவல் துறைகளே சுற்றிவந்து அதில்தான் நின்றன. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. முகவர்கள் இருவர் இறந்த பிறகு, பெரிய தோட்டாவைத் தேடிப் போனார்கள், 10 மி.மீ. வந்தது, 1990-இல் .40 வந்தது. பிறகு தோட்டாவின் வடிவமைப்பு மேம்பட, பின்னுதைப்பு குறைந்த 9 மி.மீ.க்கே எஃப்.பி.ஐ. திரும்பியது. பயிற்சித் தோட்டாவிலும் இதுதான் மலிவு. .380 சிறிய தோட்டா என்றாலும் பெரும்பாலும் விலை அதிகம்.

கை வலுவில்லாதவர்களுக்கும், மிகச் சிறிய பிஸ்டல்தான் வேண்டும் என்பவர்களுக்கும் .380 நியாயமான தேர்வு.

தற்காப்புக்குக் குழிமுனைத் தோட்டா பயன்படுத்துவார்கள். உடலுக்குள் விரிந்து நின்றுவிடுவதால், ஊடுருவிப் பின்னால் இருப்பவரைத் தாக்கும் வாய்ப்பு குறைகிறது. எடிசன் பக்கம் இருப்பவர்கள் கவனிக்க: நியூ ஜெர்சியில் குழிமுனைத் தோட்டாவை வெளியே எடுத்துச் செல்வதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. அங்கே மேகசினும் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. கலிஃபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் அதே வரம்புதான். கலிஃபோர்னியாக் கடைகள் அரசுப் பட்டியலில் இருக்கும் மாடல்களை மட்டுமே புதிதாக விற்கலாம். கீழே சொல்லும் சில மாடல்கள் அங்கே கிடைக்காமல் போகலாம்.

சரி, 300 டாலருக்குள் எது?

நான் மூன்றைச் சொல்வேன்.

டாரஸ் ஜி3சி. பிரேசில் நிறுவனம், ஜார்ஜியா மாநிலத்தில் ஆலை வைத்திருக்கிறது. 3.2 அங்குலக் குழல், 12 தோட்டா, சுமார் 22 அவுன்ஸ். சற்றுத் தடிமன். விசை நீளமாகப் பயணித்துப் பிறகுதான் கடினப்படும், பழக வேண்டும். இந்த விலையில் இவ்வளவு தோட்டா கொள்ளும் புதிய பிஸ்டல் வேறு அதிகம் இல்லை. டாரஸின் பெயர் முன்பு கெட்டிருந்தது உண்மை. பிடி-111 மில்லெனியம் உள்ளிட்ட பழைய மாடல்கள் கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று கூட்டு வழக்கு நடந்து, சமரசத்தில் முடிந்தது. ஆகவே "டாரஸ்தானே" என்று யாராவது அந்தப் பழைய மாடலைப் பாதி விலைக்குக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

ரூகர் இசி9எஸ். 7 தோட்டாதான். ஆனால் மெல்லியது, 17 அவுன்ஸ், நம்பகமானது. விலையைக் குறைப்பதற்காகக் குறிபார்க்கும் கண்ணிகளை ஸ்லைடிலேயே (மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) வெட்டியிருக்கிறார்கள், மாற்ற முடியாது. ஒல்லியான உடல்வாகு கொண்டவர்களுக்கு ஜி3சி-யைவிட இது எளிதில் மறையும்.

பயன்படுத்திய ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஷீல்டு. 2012-இல் வந்த முதல் வகை. லட்சக்கணக்கில் விற்றதால் பழைய சந்தையில் ஏராளம். ஷீல்டு பிளஸ் வந்த பிறகு பலர் விற்றுவிட்டார்கள். மூன்றில் எனக்குப் பிடித்தது இதுதான். ஹோல்ஸ்டர் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பதும் அதன் பலம்.

ஹை-பாயின்ட் சி9 இவற்றைவிட மலிவு. அது பெரியது, கனமானது. வீட்டில் வைக்கலாமா என்பது வேறு விவாதம், இடுப்பில் வைப்பதற்கு ஏற்றதல்ல.

500 டாலர் வரை போகலாம் என்றால்?

ஷீல்டு பிளஸ், அல்லது கிளாக் 43எக்ஸ். கை பெரிதாக இருந்தால் 43எக்ஸ். பி365-உம் தள்ளுபடியில் இந்த எல்லைக்குள் வருவதுண்டு. அதைப் பழையதாக வாங்கினால், வெளிவந்த முதல் ஆண்டில் தயாரானதைத் தவிர்க்கலாம். தொடக்கத்தில் தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி முறிவதாகப் புகார்கள் எழுந்து, பிறகு சரிசெய்யப்பட்டது.

ரிவால்வர்தான் எளிது, புதியவர்களுக்கு நல்லது என்கிறார்களே?

கையாள எளிது, சுடுவது எளிதல்ல. ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 642, ரூகர் எல்சிஆர் போன்ற ஐந்து குண்டு ரிவால்வர்கள் மிகவும் இலேசானவை. விசையை நீளமாக, வலுவாக இழுக்க வேண்டும், உதைப்பும் கடுமை. அனுபவசாலிகளே அதில் தடுமாறுவார்கள். புதியவருக்குக் கொடுக்க மாட்டேன்.

பழைய துப்பாக்கி வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கடை வழியாகவே வாங்குங்கள். தனியாரிடம் வாங்கினாலும் உரிமம் பெற்ற விற்பனையாளர் மூலம் கைமாற்றிக்கொள்ளுங்கள். சில மாநிலங்களில் அது கட்டாயம். திருட்டுப் பொருள் உங்கள் கைக்கு வராமல் இருக்க அது ஒரு காப்பு. வேறு மாநிலத்தில் கைத்துப்பாக்கியை நேரடியாக வாங்கி எடுத்துவர முடியாது. உங்கள் மாநில விற்பனையாளருக்கு அனுப்பித்தான் பெற வேண்டும்.

வாங்கும் முன் வரிசை எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுத் திரும்பப்பெறும் அறிவிப்பு உண்டா என்று பாருங்கள். பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல: ஷீல்டு ஈஇசட் பிஸ்டல்கள் சிலவற்றை 2020 நவம்பரில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் திரும்ப அழைத்தது, டாரஸ் ஜிஎக்ஸ்4-க்கு 2023-இல் பாதுகாப்பு அறிவிப்பு வந்தது. இலவசமாகவே சரிசெய்து தருவார்கள்.

காவல் துறைகள் கழித்துவிட்ட .40 பிஸ்டல்கள் மலிவாகக் கிடைக்கும். உறுதியானவைதான். தோட்டா விலையும் உதைப்பும் அதிகம் என்பதை நினைவில் வைத்து முடிவெடுங்கள்.

மனைவிக்கு ஸ்லைடை இழுக்க முடியவில்லை. என்ன செய்வது?

முதலில் முறையைச் சொல்லிக்கொடுங்கள். கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் கிள்ளி இழுத்தால் யாருக்கும் வராது. மேலிருந்து உள்ளங்கை முழுவதும் பற்றி, பிஸ்டலை முன்னே தள்ளும்போது பெரும்பாலானவர்களுக்கு வந்துவிடும். அப்போதும் குழல் பாதுகாப்பான திசையிலேயே இருக்க வேண்டும். அதற்கும் வரவில்லையென்றால், இதற்காகவே வடிவமைத்த ஷீல்டு ஈஇசட் இருக்கிறது. மேலே சொன்ன திரும்ப அழைப்பை மட்டும் சரிபாருங்கள்.

அவருக்கான பிஸ்டலை அவரே கையில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். பல சுடுதளங்களில் வாடகைக்குக் கிடைக்கும். இரண்டு மூன்றைச் சுட்டுப்பார்த்த பிறகு வாங்கினால் வீண்செலவு மிச்சம். கடைக்காரர் "பெண்களுக்கு இதுதான்" என்று இருப்பதிலேயே சின்னதை எடுத்து நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

அவருக்காக நான் வாங்கித் தரலாமா? நண்பருக்கு?

துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியுள்ளவருக்கு உங்கள் பணத்தில், உண்மையான பரிசாக வாங்கித் தரலாம். மாநில விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பரிடம் பணம் வாங்கிக்கொண்டு உங்கள் பெயரில் வாங்கித் தருவது கடுங்குற்றம். அவர் தடைசெய்யப்பட்டவர் என்று தெரிந்தே செய்தால், 2022-இல் வந்த சட்டப்படி 15 ஆண்டுகள் வரை சிறை. அவருக்கு விசா தடை இருப்பதால் கேட்கிறார் என்றால், இருவர் வாழ்க்கையும் போகும்.

ஹோல்ஸ்டர் எப்படி இருக்க வேண்டும்? புடவை, சல்வார் அணிபவர்கள் என்ன செய்வது?

விசையையும் அதைச் சுற்றிய வளையத்தையும் கெட்டியான பொருளால் முழுதாக மூட வேண்டும். துப்பாக்கியை வெளியே எடுத்த பிறகும் வாய் சுருங்காமல் நிற்க வேண்டும். அந்த மாடலுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். கைடெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை இந்த மூன்று நிபந்தனைகளுக்கும் பொருந்தும். ஹோல்ஸ்டர் இல்லாமல் இடுப்பில் செருகுவது, பாக்கெட்டில் சாவியோடு போடுவது இரண்டும் விபத்தை வரவழைப்பவை. திரும்பச் செருகும்போதுதான் பல விபத்துகள் நடக்கின்றன: சட்டை நுனி உள்ளே மாட்டி விசையை இழுத்துவிடும். குனிந்து பார்த்து, மெதுவாகச் செருகுங்கள். அவசரமே இல்லை.

குர்தாவும் நீண்ட சல்வார் மேலாடையும் மறைப்பதற்கு நல்லவை. ஆனால் பெல்ட் போட இடமில்லை. அதற்கு வயிற்றைச் சுற்றும் பட்டை கிடைக்கிறது. விசையைக் கெட்டியாக மூடும் ஓடு அதில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். புடவையில் வேகமாக எடுக்கவும் பாதுகாப்பாகத் திரும்ப வைக்கவும் நல்ல வழி எதையும் நான் பார்த்ததில்லை. அன்று வீட்டில் பூட்டி வைத்துவிட்டுப் போவதே நல்லது.

கைப்பை வேண்டாம். 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில், கடையில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் கைவிட்டு, அவரையே சுட்டுவிட்டது. அந்தப் பையில் துப்பாக்கிக்கென்றே தனி அறை இருந்தும் அது நடந்தது.

வாங்கிய துப்பாக்கியை நம்பலாம் என்று எப்போது சொல்வது?

சாதாரணத் தோட்டா 200, எடுத்துச் செல்லப்போகும் தற்காப்புத் தோட்டா ஏறக்குறைய 50, ஒரு தடங்கலும் இல்லாமல் சுட்ட பிறகு. சிக்கினால் மேகசினை மாற்றிப் பாருங்கள். பல நேரம் குறை அங்கேதான் இருக்கும். அதன் பிறகும் சிக்கினால் நிறுவனத்துக்கு அனுப்புங்கள். மலிவுத் துப்பாக்கிக்காரர்கள் இந்தச் செலவைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். வெட்டக்கூடாத செலவு இது.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

உங்கள் உடம்பில் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் அது பெட்டகத்தில் இருக்க வேண்டும். அலமாரியின் மேல்தட்டு, பீரோவில் துணிக்கு அடியில், இவை எதுவும் ஒளிவிடம் ஆகாது. குழந்தைகளுக்கு எல்லாம் தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நிகழும் மரணங்களில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மன அழுத்தத்தில் இருந்தால், பதின்வயதுப் பிள்ளை தேர்வுத் தோல்வியிலோ தனிமையிலோ துவண்டிருந்தால், இப்போது வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் சில காலம் வீட்டைவிட்டு அகற்றுங்கள். சில கடைகளும் சுடுதளங்களும் பத்திரமாக வைத்திருக்க உதவுகின்றன. அமெரிக்காவின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ எந்நேரமும் அழைக்கலாம். இந்தப் பக்கத்தில் உள்ள எந்த மாடல் விவரத்தையும்விட இந்தப் பத்தி எனக்கு முக்கியம்.

கோயிலுக்கு எடுத்துப்போகலாமா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில மாநிலங்கள் வழிபாட்டு இடங்களில் தடைசெய்கின்றன. டெக்சாஸில் நிர்வாகம் அறிவிப்பு வைத்தால் தடை. சட்டம் அனுமதித்தாலும் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். பிராகாரத்தில் விழுந்து வணங்கும் இடத்தில் இடுப்பில் துப்பாக்கி இருப்பது நடைமுறையிலும் சரிப்படாது. தபால் நிலையம், கூட்டாட்சி அரசு அலுவலகங்கள் எல்லா மாநிலத்திலும் தடைதான். பாஸ்போர்ட் வேலையாகத் தபால் நிலையம் போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

சுடுதளத்துக்கு எடுத்துப்போன பையை ஊருக்குப் போகும்போது பயன்படுத்தலாமா?

கூடவே கூடாது. அதன் மூலையில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தால் போதும். சென்னையிலோ டெல்லியிலோ விமான நிலையச் சோதனையில் அகப்பட்டால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவாகும். தெரியாமல் இருந்துவிட்டது என்று காட்டி, உயர் நீதிமன்றம் வரை போய் வழக்கை ரத்துசெய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குள் விடுமுறை, விமான டிக்கெட், சில நேரம் வேலையும் போயிருக்கும். சுடுதளத்துக்கென்று ஒரு பையைத் தனியாக ஒதுக்கி, கார் டிக்கியிலோ பெட்டகத்தின் பக்கத்திலோ வைத்துக்கொள்ளுங்கள். அன்று போட்டிருந்த ஜாக்கெட்டின் பைகளையும் ஊருக்குக் கிளம்பும் முன் ஒருமுறை துழாவிப் பாருங்கள்.